தொடாமல் நெய்யும் பள்ளிக்கூடம்

சர்க்கார் ஒரு காரியத்தைத் தொடங்குவதென்றால் முதலில் ரிப்பன் வாங்கும். ஆந்திரத்துப் புத்தூர்ப் பக்கத்தில் கைத்தறி ஞான மையம் தொடங்கியபோது அந்த ஒன்றைத்தான் மறந்து தொலைத்தார்கள். மாலை வந்தது, ஷாமியானா வந்தது, மைக் செட் வந்தது, லாரியில் ஏற்றிக் கூட்டமும் வந்தது. தலைமை விருந்தினர் கைக்குக் கத்தரிக்கோலும் வந்துவிட்டது. வெட்டுவதற்கு ரிப்பன் மட்டும் வரவில்லை.

கத்தரிக்கோலைக் கையில் வாங்கிய பெரிய மனிதர் எதையும் வெட்டாமல் திரும்பியதாகச் சரித்திரம் உண்டா? அவர் நேரே கூடத்துக்குள் போனார். அங்கே புதுத் தறி ஒன்றில் சிவப்புப் பாவு ஏற்றி வைத்திருந்தார்கள். பாவு என்பது தறியின் நீளவாட்டில் இழுத்துக் கட்டுகிற நூல். ஒவ்வொரு நூலாக எடுத்துக் கோத்து, முடிந்து, அறுந்ததைப் பிணைத்து, ஒரு குடும்பமே முதுகு ஒடிய உட்கார்ந்து செய்கிற வேலை அது. பெரியவர் கண்ணுக்கு அது கொஞ்சம் அகலமான ரிப்பனாகத் தெரிந்தது. குறுக்கே கத்தரிக்கோலை வைத்து நறுக்கென்று வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டியவர்களில் மணியம்மாவும் ஒருத்தி. பிச்சாட்டூர் ஏரிக்கரையை ஒட்டின காலனிக்காரி, களையெடுப்பு வேலைக்குப் போகிறவள். தறியை அவள் அதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததில்லை. அதனால் வெட்டுவதுதான் நெசவின் முதல் வேலை என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு மைக்கில் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் அவள் காதில் அப்படியே தங்கிவிட்டது. இந்த மையத்தில் பயிற்சி முடிக்கிற பெண்ணுக்கு வீட்டுக்கே ஒரு தறி இலவசம்.

அந்தத் தறி அவளுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். தேசத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்ட காலம் அது. அந்தக் கதவு வழியாக உள்ளே என்ன வந்ததோ தெரியாது, பிச்சாட்டூர்ப் பக்கத்து ஆட்களெல்லாம் வெளியே போய்விட்டார்கள். மணியம்மாவின் புருஷன் புருஷோத்தமன் பெங்களூரில் கான்கிரீட் சட்டி தூக்கினான். மகள் கல்பனா பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளை மெட்ராஸ் பக்கம் ஒரு துணிக் கம்பெனி ஹாஸ்டலுக்கு அனுப்பச் சொல்லி ஏஜெண்டு ஒருவன் புருஷோத்தமனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே போனால் வருஷக்கணக்கில் உள்ளேதான். எதிர் வீட்டுப் பிரேமலதா அப்படிப் போனவள்தான். இருமிக்கொண்டு திரும்பி வந்தாள். முன்னெல்லாம் தெருவையே பேச்சால் நிறைத்தவள், இப்போது கேட்டால்தான் பதில் சொல்கிறாள்.

மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. கடையில் நின்று மணியம்மா புருஷனிடம் கெஞ்சினாள்.

"கொயந்தைய அனுப்ப வாணாம்யா. எனக்கு சர்க்கார்ல தறி தராங்க. நாங்க ரெண்டு பேரும் வூட்லயே நெஞ்சிக்கினு கெடக்கறோம்."

அந்தப் பக்கத்திலிருந்து புருஷோத்தமன் சொன்னான்: "தைக்குள்ள தறி வந்தா பாப்பா வூட்லயே இருக்கட்டும். வரலேன்னா கம்பெனி வண்டிதான். எனக்கு மட்டும் ஆசையா, சொல்லு."

மணியம்மா மறுநாளே போய்ச் சேர்ந்தாள்.

மையம் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. அங்கே போகிற பஸ் நாராயணவனம் வழியாகத்தான் போகும். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தறி ஆடும் சத்தம் பஸ்ஸுக்குள்ளேயே கேட்கும். இறங்கி ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் ஒரே வாரத்தில் பாதி தெரிந்திருக்கும். ஆனால் அப்படிக் கற்றுக்கொண்டவளுக்குத் தறி யார் கொடுப்பார்கள்? அதனால் அவள் தறி இருக்கிற ஊரைத் தாண்டி, தறிப் பாடம் இருக்கிற ஊரில் இறங்கினாள்.

முதல் நாள் மையத்தின் முதல்வர் நாகபூஷணம் பேசினார். தெலுங்கில் ஆரம்பித்து, பெண்கள் முகத்தைப் பார்த்து, தமிழுக்கு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் பெரியவர் வெட்டிய தறி நின்றது. சுற்றிலும் கயிறு கட்டி, 'தொடாதே' என்று போர்டு மாட்டி, பக்கத்தில் வாட்ச்மேன் வீராசாமியை ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

"கவனிங்கம்மா. வெளியில சில பேர் பெரியவர் பாவை வெட்டிட்டார்னு பேசிக்கிறாங்க. தப்பு. பெரியவர் வெட்டினது ரிப்பன். வெட்டினது ரிப்பன்னா, பாவு அறுபடல. அறுபடாத பாவைக் கட்டறதுக்கு நான் எப்படி சேங்ஷன் கேக்க முடியும்? அறுந்துபோச்சுன்னு எழுதினா, எவன் அறுத்தான்னு மேல கேப்பாங்க. எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு, ரெண்டு பொண்ணுங்களுக்குக் கல்யாணம் இருக்கு. அதனால இந்தத் தறி நல்லா இருக்கு. நல்லா இருக்கிற தறியை யாரும் தொட்டுக் கெடுக்கக் கூடாது. அர்த்தமாயிந்தா, புரிஞ்சுதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தொடாதே என்ற சொல் மணியம்மாவுக்குப் புதிதில்லை. அவள் தாய்வழியில் கிணற்றுக்கும் குடத்துக்கும் வாசற்படிக்கும் கேட்டுக் கேட்டுப் பழகின சொல்தான். ஆனால் சர்க்காரே பஸ் பாஸ் கொடுத்து வரவழைத்து உட்கார வைத்து அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

பாடம் நடத்தியவர் வரலட்சுமி மேடம். அவர் படித்தது மீன் வளர்ப்பு. மீன் துறைக்கு மாற்றல் வரும்வரை நெசவு சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பாவம், நல்ல மனுஷி. சுவரில் தறிப் படம் ஒன்றை மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொல்வார். தறி என்றால் என்ன? நெய்வதற்கான சாதனம். நெய்வது என்றால் என்ன? தறியில் செய்வது. பெண்கள் கோரஸாகச் சொல்வார்கள். சாயங்காலம் பஸ்ஸில் தூங்கி வழியும்போதுகூட மணியம்மாவின் வாய் அதை முணுமுணுக்கும்.

பிறகு செய்முறை வகுப்பு வந்தது. பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார்கள். முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் காற்று. "எடது கால் மிதி. நாடாவைத் தள்ளு. பலகையை இழுத்து அடி. இப்ப வலது கால்" என்று மேடம் சொல்லச் சொல்ல, பெண்கள் காற்றை மிதித்து, இல்லாத நாடாவை, அதாவது குறுக்கு நூல் சுற்றிய கட்டையை, இல்லாத நூலுக்குள் தள்ளி, இல்லாத பலகையை இழுத்து நெஞ்சுக்கு நேராக அடித்தார்கள். கீழே டீக்கடைக்காரர் மேலே பேய் ஆடுகிறது என்று ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார்.

மணியம்மா ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள். "மேடம், எல்லாம் சரி. இதுல துணி எப்டி வருது?"

"துணி நம்ம சிலபஸ்ல இல்லம்மா. நெசவு மட்டும்தான். துணி வேற டிபார்ட்மெண்ட்டு."

ஜில்லா ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒருவர் வந்தார். சித்தூரிலிருந்து ஜீப்பில் வந்த களைப்போடு பெஞ்சு பெஞ்சாக நின்று பார்த்தார். மணியம்மா முன்னால் வந்ததும் குனிந்து, அவள் மடிக்கு மேலே இருந்த காற்றைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். "நயம் பத்தல. இன்னும் நெருக்கி அடிக்கணும்" என்றார். மணியம்மாவுக்குத் தறி கைவிட்டுப் போய்விடுமோ என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் காற்றை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

ஒரு சனிக்கிழமை, அதிகாரிகள் எல்லாம் திருமலைக்குப் போய்விட்டார்கள். வீராசாமிக்கு இடுப்புப் பிடிப்பு. தறிக்கு அடியில் ஒட்டடை அடிக்கக் குனிய முடியவில்லை. "நீ கொஞ்சம் தட்டும்மா" என்று மணியம்மாவைக் கூப்பிட்டார். அவள் கயிற்றுக்குக் கீழே நுழைந்து துடைத்துக்கொண்டே போனவள், காலை எங்கேயோ ஊன்றினாள். அது தறியின் மிதிகட்டை. மேலே ஏதோ அசைந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். நூல்களைத் தாங்கிய விழுதுச் சட்டம் ஒன்று இறங்கியிருந்தது, இன்னொன்று ஏறியிருந்தது. வெட்டுப்பட்ட நூல்களில் பாதி மேலே போயிருந்தன, பாதி கீழே வந்திருந்தன, நடுவில் ஒரு வழி திறந்திருந்தது. அடுத்த கட்டையை மிதித்தாள். மேலே இருந்தது கீழே வந்தது, கீழே இருந்தது மேலே போனது, வழி மூடி இன்னொரு வழி திறந்தது.

"அடி ஆத்தே! இந்த சந்துலதான் நாடா போவுதா! போனதும் இது மூடிக்கினு அந்த நூலைப் புடிச்சிக்குதா!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வீராசாமி ஸ்டூலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "நான் ஒண்ணையும் பாக்கல தாயீ" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முகம்கூடக் கழுவாமல் கல்பனாவைக் கூப்பிட்டாள். கயிற்றுக் கட்டிலின் காலுக்குக் கால் நூல் கட்டி, ஒன்றைவிட்டு ஒன்று கரண்டிக் காம்பால் தூக்கிக் காட்டினாள். கல்பனா ஒரு தடவை பார்த்தாள். பிறகு காம்பைப் பிடுங்கிக்கொண்டு அவளே தூக்கினாள், நுழைத்தாள், சீப்பால் நெருக்கினாள். சோறு வேகிற நேரத்துக்குள் கட்டில் காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணி முளைத்துவிட்டது.

"தூ, இவ்ளோதானா? இதுக்கா இத்தினி மாசமா டிபன் பாக்ஸ தூக்கிக்கினு போனே?" என்று கல்பனா அம்மாவைச் சீண்டினாள். அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பை ஹாஸ்டல் சுவருக்குள் அடைக்க விடமாட்டேன் என்று மணியம்மா அன்றைக்கு மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

பயிற்சி முடிகிற சமயத்தில் மேடம் ஒரு புது விஷயம் சொன்னார். சர்க்கார் கொடுப்பது குழித்தறி. நெய்கிறவள் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் மிதிகட்டையை மிதிக்க வேண்டும். ஆகவே குழி முதலில், தறி பிறகு. குழியைப் பார்த்து ஓகே சொல்ல ஆள் வரும்.

இருந்தது ஒரே அறை. அம்மாவும் மகளும் அடுப்பை ஓரமாக நகர்த்திவிட்டு நடு வீட்டில் கடப்பாறை போட்டார்கள். வெட்டி முடித்ததும் கல்பனா குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். "நான் இங்க குந்திக்கறேன். நீ அந்தாண்ட குந்திக்கினு நூல் சுத்திக் குடு. நைனா வந்தா அவருக்கு ஒரு லுங்கி நெய்யலாம்" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் சோறு தின்றதுகூடக் குழியில் உட்கார்ந்துதான்.

ஆள் வந்தார். டேப் வைத்து அளந்தார். "ஆழம் ஜாஸ்தி. சர்க்கார் இவ்வளவு ஆழமா எதுலயும் போறதில்ல" என்றார். மண்ணைத் தள்ளி மூடினார்கள். அடுத்த முறை வந்து ஆழம் போதாது என்றார். மறுபடி வெட்டினார்கள். மூன்றாவது தடவை வந்தவர் வேறு ஆள். அவர் குழியைப் பார்க்கவே இல்லை, மோர் வாங்கிக் குடித்துவிட்டு "குழி பாஸ்" என்றார். மணியம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

பொங்கலுக்கு வந்த புருஷோத்தமன் இருட்டில் வீட்டுக்குள் கால் வைத்தவன் குழியில் விழப் பார்த்தான்.

"இன்னாம்மே இது? வூட்டுக்குள்ள யார பொதைக்கப் போற?"

"வாயக் கழுவுய்யா. தறி வெக்கறதுக்கு."

"தறி எங்க?"

"குழி பாஸாயிடுச்சு. தறி வந்துக்கினே கீது."

அவன் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "திருச்சானூர்ல தறி குடுக்கற விழான்னு சொன்னியே, அன்னிக்கி தறி குடுத்தாங்கன்னா சரி. இல்லேன்னா அன்னிக்கே வண்டி. ஏஜெண்டு அங்கியேதான் வரானாம். எனக்கும் இடுப்பு போயிடுச்சு மணி. இன்னும் எத்தினி நாளு சட்டி தூக்குவேன்?" சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிச் சாப்பிட்டான். அவனுக்கும் பெண் மேல் உயிர்தான். யாரைச் சொல்லி நோவது?

திருச்சானூர்க் கல்யாண மண்டபத்தில் விழா. மேடையில் மஞ்சள் சாமந்தி சுற்றிய புத்தம் புதுத் தறி. மணியம்மாதான் சிறந்த பயிற்சி மாணவி. ஒரு முழம் நூலைக்கூட வீணாக்காமல் முழுப் பயிற்சியையும் முடித்த பெண் என்று நாகபூஷணம் மைக்கில் அறிவித்தார். கை தட்டல் மண்டபத்தைப் பிளந்தது.

தலைமை விருந்தினர் எழுந்தார். "கைத்தறி நம் தாய்! தாயை நாம் கும்பிட வேண்டும். தாயை வேலை வாங்கலாமா? கூடாது! அதனால்தான் எங்கள் மையத்தில் தறியை யாரும் வேலை வாங்குவதில்லை. உலகம் இன்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த நேரத்தில் நம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தால் முன்னேற்றம் எப்படி வரும்? அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தறி!"

எதனால் எது என்று யாரும் கேட்கவில்லை. மணியம்மாவைத் தறிப் பக்கம் நிறுத்தினார்கள். அவள் கையை அதன் மரத்தின் மேல் வைத்தாள். யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் கடைசியில் நின்ற கல்பனாவைத் தேடி, வந்துடுச்சு பார் என்று தலையால் சைகை காட்டினாள். கல்பனா இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். போட்டோ எடுத்தார்கள்.

போட்டோ முடிந்ததும் நாலு பேர் வந்து தறியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியில் நின்ற லாரியில் ஏற்றினார்கள். மணியம்மா பின்னாலேயே ஓடினாள். "அண்ணா, எங்க ஊரு பிச்சாட்டூரு. புத்தூரு வயியா போவணும். நானும் ஏறிக்கட்டுமா?"

"இது மதனப்பள்ளிக்கு போவுதும்மா. நாளைக்கு அங்க விழா" என்றான் டிரைவர்.

அவள் நாகபூஷணத்திடம் போனாள். அவர் பொறுமையாக விளக்கினார். "தறி உன்னுதுதாம்மா. குடுத்தாச்சு. குடுத்ததை எந்தக் கொம்பனும் திருப்பி வாங்க முடியாது. ஆனா குடுக்கறதுக்கு ஆர்டர் வேற, எடுத்துக்கிட்டுப் போறதுக்கு ஆர்டர் வேற. முதலாவது வந்திருக்கு."

"ரெண்டாவது எப்ப சார் வரும்?"

"வந்த எடத்துல கண்ண கசக்காதம்மா. இன்னொரு கௌரவம் இருக்கு, வா."

அவளைக் கைப்பிடித்து மண்டப வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரிய வேன் நின்றது. கண்ணாடியில் வாழைக் கன்றும் மாலையும் கட்டியிருந்தார்கள். மேலே பேனர். கைத்தறி ஞான மையத்தின் வேலைவாய்ப்புச் சாதனை. மணியம்மா கையில் ஒரு பச்சைக் கொடியைத் திணித்தார்கள். மைக் அலறியது: "சிறந்த பயிற்சி மாணவி மணியம்மா அவர்கள், நம் மையத்துக் குடும்பங்களிலிருந்து துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளைக் கொடியசைத்து அனுப்பி வைப்பார்கள்!"

அவள் அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள். மூன்றாவது ஜன்னலில் கல்பனா உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. வேனுக்குப் பக்கத்தில் புருஷோத்தமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எறங்குடி" என்றாள் மணியம்மா. "கல்பனா, எறங்கு."

"தறிய லாரில ஏத்திக்கினு போனாங்களே, பாத்தேம்மா. நைனா ஒண்ணும் சொல்லல. நானாதான் வந்து ஏறிக்கினேன்." கல்பனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "ஆட்டும்மா. எல்லாரும் உன்னையே பாக்கறாங்க. அழுவாத, போட்டோல நல்லா வராது."

மணியம்மாவின் கொடி பிடித்த கை மேலே எழவில்லை. போட்டோக்காரர் "மேடம், கொடி, கொடி" என்று கத்தினார். நேரமாவதைப் பார்த்த நாகபூஷணம் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தானே மேலும் கீழும் ஆட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். வேன் நகர்ந்தது.

"சார்... சார், நிறுத்தறதுக்கு எந்தக் கொடி சார்?"

நாகபூஷணம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது சிவப்பும்மா. நம்ம டிபார்ட்மெண்ட்ல கிடையாது. ரயில்வேக்காரன் கிட்டதான் இருக்கும்."

அவள் கொடியைக் கீழே போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே, ஏ நிறுத்து, ஏ நிறுத்து என்று கத்திக்கொண்டே வேனுக்குப் பின்னால் ஓடினாள். மண்டபத்து மைக்கில், கொடியை யாரும் மிதிக்க வேண்டாம், அது மதனப்பள்ளி விழாவுக்குப் போக வேண்டியது என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.